ராமாத்தாளின் முட்டக்கோசுப் பூ

ராமாத்தாளை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் ஒருவனைச் செருப்பால் அடித்துக்கொண்டிருந்தார்.

தொண்டாமுத்தூர் ரோட்டில் எங்கள் நர்சரிக்கு எதிரேதான் பஸ் நிற்கும். அன்றைக்கு டவுன் பஸ்ஸிலிருந்து முதலில் ஓர் ஆள் குப்புற வந்து விழுந்தான். அவன் பின்னாலேயே ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி இறங்கினார். ஒரு கையில் மஞ்சள் பை, இன்னொரு கையில் செருப்பு. கூட்டத்தில் இடுப்பைத் தொட்டானாம். "இன்னொருக்கா தொடு பாக்கலாம்" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். மூக்கில் ரத்தம் வந்த பிறகும் நிறுத்தவில்லை. கண்டக்டர் விசில் ஊதிவிட்டுப் போய்விட்டார். அடி வாங்கியவன் கடைசியில் எழுந்து, சட்டைப் பொத்தான் எல்லாம் தெறித்துப்போய், பேரூர்ப் பக்கமாக ஓடினான். செம்பருத்திக்கு மண் அள்ளிக்கொண்டிருந்த நான் அப்படியே நின்று பார்த்தேன். மனதுக்கு நிறைவாக இருந்தது, பொய் சொல்வானேன்.

கை கழுவ எங்கள் குழாய்க்கு வந்தார். முழங்கை வரை கழுவினார். சோப்புக் கேட்டு வாங்கி மறுபடியும் கழுவினார். நிமிர்ந்தபோதுதான் பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே அந்தப் பூவைப் பார்த்தார்.

"ஏனுங் அம்மணி, இதென்னது, முட்டக்கோசாட்ட?"

"ஹைட்ரேஞ்சியாங்கக்கா. மலைச்செடி. குன்னூர்ல ஊட்டுக்கு ஊடு நிக்கும். மேட்டுப்பாளையம் வண்டியில ரெண்டு வந்துச்சு. நம்ம வெயிலுக்கு நிக்காதுங்க."

"நிக்காதுன்னு யாரு சொன்னா?"

"நான்தானுங்க சொல்றேன். நர்சரிக்காரி."

"எனக்கு ஒண்ணு குடு" என்றார்.

எப்படி வளர்க்க வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். காலை வெயில் போதும், உச்சி வெயில் படக்கூடாது. மண்ணை மேடாகக் குவித்து, தேங்காய் நார்த்தூளும் மக்கின இலையும் கலந்து, அந்த மேட்டின்மேல் நட வேண்டும். தண்ணீர் காலையில் ஒரு தடவை, அதுவும் விரலை விட்டுப் பார்த்து மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும். பழைய கிளையை வெட்டக்கூடாது, அடுத்த வருடத்துப் பூ அதில்தான் உட்கார்ந்திருக்கும். முக்கியமாக ஒன்று: மத்தியானத்தில் இந்தச் செடி செத்ததுபோலத் தலையைத் தொங்கப்போடும். பயந்துபோய்த் தண்ணீர் ஊற்றக்கூடாது. வேருக்குத் தண்ணீர் போதாமல் அல்ல, இலைக்கு வெயில் தாங்காமல்தான் அப்படி. பொழுது சாய்ந்தால் தானாக எழுந்துவிடும். ஊற்றிக்கொண்டே இருந்தால் வேர் அழுகிவிடும்.

"புரிஞ்சுதுங்களாக்கா?"

"சின்னப் பசங்க நடிக்கறதாட்ட" என்றார். "நாம கண்டுக்கக் கூடாது. அவ்வளவுதானே?"

என் பெயர் அன்புச்செல்வி. நானும் என் வீட்டுக்காரர் ஜெரோமும் சேர்ந்து இந்த நர்சரியை நடத்துகிறோம். என் அப்பாவும் தாத்தாவும் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் கூலிக்கு மண் வெட்டியவர்கள். நாங்கள் அதே மண்ணைப் பையில் போட்டு விற்கிறோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்த மாதம் செடி எப்படி இருக்கிறது என்று பார்க்க ராமாத்தாள் வீட்டுக்குப் போனபோது எனக்குச் சில்வர் டம்ளரில் காப்பி கொடுத்தார். ஒரே வாசல்தான், பக்கத்து வீடு அவருடைய கொழுந்தன் நாச்சிமுத்துவின் வீடு. அங்கே நாச்சிமுத்துவின் மனைவி பழனியாத்தாள் என்னைப் பார்த்தால் பேப்பர் கப் எடுத்து வருவார். அந்த வீட்டில் பேப்பர் கப் எனக்காகவே வாங்கி வைத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

ராமாத்தாள் கிணத்துக்கடவுப் பக்கம் பிறந்தவர். மலையடிவாரத்தில் இந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், கணவர் சென்னியப்பன் குழம்பில் உப்பில்லை என்று கன்னத்தில் அறைந்தாராம். ராமாத்தாள் அப்போது களி கிண்டிக்கொண்டிருந்தார். துடுப்பை உருவி, ஒட்டியிருந்த சூட்டுக் களியோடு அவர் முதுகில் ஒன்று வைத்தார். முதுகுத் தோல் உரிந்துவிட்டது. அதற்குப் பிறகு இருவரும் அடித்துக்கொண்டதே இல்லை, நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். பிள்ளைகள் இல்லை. ஒரு விடிகாலையில் மோட்டார் போடப் போன சென்னியப்பனை, வாழைக்குள் நின்ற யானை தூக்கி எறிந்து மிதித்துவிட்டது. ராமாத்தாள்தான் முதலில் போய்ப் பார்த்தவர். சிதறிக் கிடந்ததைத் தன் சேலையால் மூடிவிட்டு, உள்பாவாடையோடு வீட்டுக்கு வந்து ஆட்களைக் கூப்பிட்டாராம். அழவில்லை என்று ஊரில் இன்றைக்கும் குறை சொல்கிறார்கள்.

அதிலிருந்துதான் நாச்சிமுத்துவின் தொல்லை ஆரம்பித்தது. அண்ணன் பங்கு, தம்பி பங்கு என்று தோட்டம் அப்போதே பிரிந்திருந்தது. கிணறு மட்டும் பொது. ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வைத்துத் தண்ணீர் எடுப்பார்கள். ரோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது ராமாத்தாளின் பாதி. அது சேராமல், வீட்டுமனையாகப் பிரித்துச் சைட் போடுகிறவர்கள் யாரும் நாச்சிமுத்துவின் பாதியைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பிள்ளை இல்லாதவளுக்கு எதற்குக் காடு தோட்டம், கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறந்த ஊருக்குப் போகட்டும் என்பது நாச்சிமுத்துவின் கணக்கு. ராமாத்தாள் போகவில்லை.

அவருடைய முறை நாளில் மோட்டாரின் ஃபியூஸ் கட்டை காணாமல் போகும். ஓட்டின்மேல் கல் விழும். வளர்த்த நாய் ஒருநாள் வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது. ராமாத்தாள் அந்த நாயைத் தூக்கிக்கொண்டு போய் நாச்சிமுத்துவின் சாப்பாட்டு மேசைமேல் போட்டார். தட்டில் இட்லி இருந்ததாம். அவன் எழுந்து தள்ளினான், இவர் இட்லிக் குண்டாவால் அவன் நெற்றியைப் பிளந்தார். நாலு தையல். ஊர் வந்து பிரித்து விட்டது. கொங்கு நாட்டில் எல்லோரும் ங்க போட்டுப் பேசுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் மெச்சிக்கொள்வார்கள். வெட்டுவதற்கு முன்னாலும் ங்க போடுவோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இத்தனைக்கும் நடுவில் அந்தச் செடி நின்றது. வீட்டின் வடபுறம், பலாமர நிழலில், நான் சொன்னபடியே மண்மேட்டின்மேல். மூன்றாவது வருடம் கோடையில் பூத்தது. ஒவ்வொரு கொத்தும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு வருகிற முட்டைக்கோஸ் அளவு, சுண்ணாம்பு அடித்தமாதிரி வெள்ளை. ஊரே வந்து பார்த்தது. அதற்கு முட்டக்கோசுப் பூ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஈஸ்டருக்கு எங்கள் கோயில் பீடத்தில் வைக்க இரண்டு கொத்து கேட்டேன். ராமாத்தாள் தன் கையாலேயே அறுத்து, ஈரத்துணி சுற்றி, பஸ் ஏறிக் கொண்டுவந்து கொடுத்தார். அடிக்கிற அதே கைதான், ஒரு இதழ் கசங்கியிருக்கவில்லை. மத்தியான வெயிலில் செடி தொங்கிக் கிடக்கும்போது அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உன்ற நடிப்பு என்கிட்ட நடக்காது" என்று பேசுவதை நானே கேட்டிருக்கிறேன். அந்த வீட்டில் அவர் பேச வேறு யார் இருந்தார்கள்?

போன மாசி மாதம் சைட் புரோக்கர் ஒருவன் வெள்ளைச் சட்டையோடு வந்தான். ராமாத்தாள் வாசல் தெளிக்க வைத்திருந்த சாணித் தண்ணீரை அவன் தலையில் கொட்டி அனுப்பினார். அவன் போய் நாச்சிமுத்துவிடம் இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அடுத்து நடந்ததை ராமாத்தாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நாச்சிமுத்து தென்னை மட்டை வெட்டுகிற கொடுவாளோடு நேராகச் செடியிடம் போனான். "இந்தக் கருமத்துக்குத்தானே இங்கயே கெடக்கறே. இன்னைக்கு இதைய இல்லாமப் பண்ணிப்போடறேன்" என்று கொடுவாளை ஓங்கினான். ராமாத்தாள் ஓடிப்போய் இடது கையை நடுவில் நீட்டினார். வெட்டு முழங்கைக்குக் கீழே விழுந்தது. இரண்டு எலும்பும் போய், கை ஒரு பக்கத்துத் தோலில் தொங்கியது. அவன் மறுபடியும் ஓங்கினான். இந்தத் தடவை செடியைப் பார்த்து அல்ல, அவர் கழுத்தைப் பார்த்து. அதற்குள் பழனியாத்தாள் அலறிக்கொண்டு வந்து புருஷன் இடுப்பைக் கட்டிக்கொண்டார். பிறகு அவர்தான் தன் சேலையைக் கிழித்து ராமாத்தாளின் கையைச் சுற்றிக் கட்டினார். பால் சொசைட்டித் தலைவர் வேலுச்சாமி அந்த நேரம் பால் கேனோடு வாசலில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்தார். வெள்ளைப் பூவில் ரத்தம் தெறித்ததா என்று பிறகு பல பேர் என்னிடம் கேட்டார்கள். சினிமா பார்த்துக் கெட்டுப்போனவர்கள். மாசியில் அது பூக்காது.

பெரியாஸ்பத்திரியில் கையை இரும்புத் தகடு வைத்துச் சேர்த்தார்கள். நான் ரொட்டியும் ஃபிளாஸ்க்கில் காப்பியும் எடுத்துக்கொண்டு போயிருந்தபோது வேலுச்சாமி வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, குரலைத் தணித்துப் பேசினார்.

"பங்காளிக்குள்ள நடந்துபோச்சு ராமாத்தா. போலீசு கேட்டா மட்டை வெட்டறப்ப கை தவறிப்போச்சுன்னு சொல்லிப்போடு. நாம ஊர்ல பேசிக்கலாம்."

"நீங்க பாத்தீங்கல்லங்க?"

"நான் என்னத்தப் பாத்தேன்? சத்தம் கேட்டு ஓடியாந்தேன்."

"ரெண்டாவது தடவை கழுத்துக்கு ஓங்குனானுங்களே. அதையும் பாக்கலீங்களா?"

வேலுச்சாமி ஜன்னலைப் பார்த்தார். நாச்சிமுத்து அவருக்கு ஒன்றுவிட்ட மச்சான். பழனியாத்தாள் புருஷனுக்கு எதிராகச் சொல்ல மாட்டார். இவரும் இல்லையென்றால் சாட்சி என்று ஆள் கிடையாது. வெட்டியவன் நாளைக்கே மீசையை முறுக்கிக்கொண்டு வெளியே நிற்பான். தப்பிய ஒரு வெட்டை முடிக்காமல் விடமாட்டான். இது ராமாத்தாளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். போலீஸ்காரர் வந்து கேட்டபோது, "மயக்கமா இருக்குதுங்க, அப்பறமாச் சொல்றனுங்க" என்றார். அவர் கண்ணில் மயக்கமே இல்லை. சீலிங் ஃபேனைப் பார்த்தபடி எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

டிஸ்சார்ஜ் ஆன வாரம் மாரியம்மன் கோயில் முன்னால் பேச்சு வைத்தார்கள். ஜெரோமின் லோடு ஆட்டோவில் நாங்கள்தான் ராமாத்தாளைக் கூட்டிப்போனோம். வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் நான் நின்றுகொண்டேன். அதற்கு அப்பால் எங்கள் ஆட்கள் போவதில்லை என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கிருந்தும் பேசுவது நன்றாகவே கேட்டது.

கேஸ் வேண்டாம், என்ன வேண்டுமோ கேள் என்றார்கள். ஆஸ்பத்திரிச் செலவை வாங்கித் தருகிறோம் என்றார்கள். ராமாத்தாள் கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் மாட்டிக்கொண்டு, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"செலவு வேண்டாங்க. என்ற கை கூடற வரைக்கும் அந்த முட்டக்கோசுச் செடிய அவன் பாத்துக்கோணும். அவன்ற கையால தண்ணி ஊத்தோணும், ஆளு உட்டு இல்ல. செடி நல்லாருந்தா நான் ஸ்டேசன் பக்கமே போகல. செத்துப்போச்சுன்னா, வேலுச்சாமியண்ணன் பாத்ததைய ஸ்டேசன்ல வந்து சொல்லோணும்."

 முதலில் ஒருவர் சிரித்தார், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். கை போனாலும் பொம்பளைக்குப் பூ ஆசை போகவில்லை என்றார் ஒருவர். வேலுச்சாமிக்கு முகமெல்லாம் வெளிச்சம். தென்னந்தோப்பையே வளர்த்தவனுக்கு ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது பெரிய காரியமா?

"இவ்வளவுதானா ராமாத்தா?"

"இவ்வளவுதானுங்க. ரெண்டு பேரும் சூடம் அணைச்சுக் குடுங்க."

எங்கள் பக்கத்தில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் அதற்கு மேல் பேச்சில்லை. கோர்ட்டில் பொய் சொல்கிறவன்கூட அதை மீற மாட்டான், மீறினால் வம்சம் விளங்காது என்று பயம். நாச்சிமுத்து வெட்ட வெளியில் ஒரு பொம்பளையின் செடிக்கு வேலைக்காரனாக நிற்பதா என்று முறுக்கினான். பழனியாத்தாள் அவன் தோளைப் பிடித்துத் தள்ளினார். முதலில் அவன் அணைத்தான், அடுத்து வேலுச்சாமி. நான் சிலுவை போடுகிறவள், ஆனாலும் அந்த நெருப்பு அணைந்தபோது என் உள்ளங்கை கூசியது.

மறுநாள் நாச்சிமுத்து மண்வெட்டியோடு வந்தான். தென்னைக்காரன். தென்னை மரத்தைச் சுற்றி வட்டப்பாத்தி கட்டி, அதில் தண்ணீரைத் தேக்கி நிறுத்தித்தான் அவனுக்குப் பழக்கம், அவன் அப்பனுக்கும் பழக்கம். ராமாத்தாள் நாலு வருடமாக இலையும் நாரும் போட்டு வளர்த்த மண்மேட்டை வழித்து எடுத்தான். சுற்றிலும் களிமண் கரை கட்டி, காலால் மிதித்து இறுக்கினான். ஹோஸ் பைப்பை உள்ளே விட்டு மோட்டாரைப் போட்டான். செடி குளத்துக்குள் நின்றது.

நான் போனது அதற்குச் சில நாள் கழித்து. மண்மேடு இருந்த இடத்தில் பாத்தியைப் பார்த்தேன். பங்குனி வெயில், மத்தியானம், செடி வழக்கம்போலத் தலையைத் தொங்கப்போட்டிருந்தது. அதைப் பார்த்து நாச்சிமுத்து பதறிப்போய்க் குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருந்தான். வியர்வை ஒழுகியது. ராமாத்தாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். அவருடைய வலது கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. நகம் பதிந்து ரத்தம் கட்டுகிற அளவுக்குப் பிடித்தது.

"கம்முனு இரு கண்ணு" என்றார். உதடு அசைந்தது எனக்கு மட்டும் தெரிந்தது.

கிணற்றுத் தண்ணீருக்காக இத்தனை வருடம் அடித்துக்கொண்ட ஆள், இப்போது தன் முறைத் தண்ணீரையும் அந்தச் செடிக்கே விட்டான். அது குடிக்கக் குடிக்க வாடியது, வாட வாட இன்னும் ஊற்றினான். கீழ் இலைகள் மஞ்சளாயின. தண்டு அடியில் கறுத்தது. ஆத்திரத்தில் ஒருநாள் குடத்தைப் பலாமரத்தில் மோதி நசுக்கினான். இன்னொரு நாள், "தண்ணி பத்தலைன்னு சொன்னனே" என்று பழனியாத்தாளை முடியைப் பிடித்துச் சுவரில் சாத்தினான். நெற்றி புடைத்துப்போய் அவரும் குடம் சுமந்தார். ராமாத்தாள் நாற்காலியை விட்டு எழவில்லை.

சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் நாச்சிமுத்து எங்கள் நர்சரிக்கு வந்தான். செருப்பை வாசலிலேயே கழற்றினான். எங்கள் வாசலில் அந்த வீட்டு ஆள் செருப்பைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

"ஏனுங்மா, அந்த மலைச்செடி வாடுதுங்க. எச்சாவே தண்ணி உடறனுங்க. இன்னும் என்ன பண்ணோணுமுங்க?"

ஒரு வார்த்தை போதும். பாத்தியை உடை, தண்ணீரை நிறுத்து, வேரைக் காய விடு. அன்றைக்குச் சொல்லியிருந்தால்கூடப் பாதிச் செடியாவது தப்பியிருக்கும். அவன் நெற்றியில் இட்லிக் குண்டாவின் தழும்பு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத் தெரியலைங்க, மலைச்செடிங்க, தண்ணி கேக்கும்" என்றேன். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். அன்றைக்கு ராத்திரி ஜெபத்தில் இதை நான் சேர்த்துக்கொள்ளவில்லை, இன்றுவரை சேர்க்கவும் இல்லை.

செடி செத்தது. பொழுது சாய்ந்தும் தலை நிமிரவில்லை, மறுநாள் காலையிலும் நிமிரவில்லை. ராமாத்தாள் எனக்கு போன் செய்தார். "வா" என்று மட்டும் சொன்னார்.

நான் போனபோது ஒற்றைக் கையால் செடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். இழுத்ததும் வந்துவிட்டது. வேர் என்று ஒன்றும் இல்லை, கறுத்த கூழ்தான். சாக்கடை நாற்றம் அடித்தது. நாச்சிமுத்து குடத்தோடு நின்றான். ராமாத்தாள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. செடியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

பால் சொசைட்டியில் காலைப் பால் ஊற்றும் நேரம். ஊரில் பாதிப் பேர் கேனோடு வரிசையில் நின்றிருந்தார்கள். ராமாத்தாள் உள்ளே போய் வேலுச்சாமியின் மேசைமேல் செடியைப் போட்டார். அழுகல் தண்ணீர் அவர் சட்டையில் தெறித்தது.

"செத்துப்போச்சுங்க" என்றார். "ஸ்டேசனுக்குப் போலாமுங்களா?"

வேலுச்சாமி சிரிக்கப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. செடிக்குப் போய் கேஸா என்று ஆரம்பித்தார். வரிசையில் நின்ற ஒரு கிழவர், "சூடம் அணைச்சியப்பா" என்றார். அவ்வளவுதான். வேலுச்சாமி கல்லாவைப் பூட்டினார், சட்டையை மாற்றவில்லை, எங்கள் லோடு ஆட்டோவின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. எரிந்து விழுந்தார். இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள், ஆஸ்பத்திரியில் ஏன் சொல்லவில்லை, இப்போது என்ன திடீர் ஞானோதயம் என்று வேலுச்சாமியைக் கேட்டார். வேலுச்சாமி கையைப் பிசைந்தார்.

"சூடம் அணைச்சிருக்கனுங்க" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். முதல் வெட்டு, தொங்கின கை, கழுத்துக்கு ஓங்கின இரண்டாவது வெட்டு. சொல்லி முடிக்கும்போது அழுதார். பார்த்ததை இரண்டு மாதம் வயிற்றில் வைத்திருந்த மனிதர், பாவம் என்று நான் நினைக்கவில்லை.

நாச்சிமுத்துவை வீட்டிலிருந்தே ஜீப்பில் ஏற்றினார்கள். அவன் கையில் அப்போதும் ஈரம். வெறுமையாகிப்போன பாத்தியில் தண்ணீர் தேங்கி நின்றது. ஓடவில்லை, எகிறவில்லை, ஒன்றும் புரியாதவனாகத்தான் நின்றான். ஜீப்பில் காலை வைத்தவன் திரும்பினான். எங்கள் பக்கத்தில் அண்ணியை நங்கையா என்று கூப்பிடுவோம். அண்ணன் செத்த பிறகு அவன் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை.

"நங்கையா, நான் ஒருநாள்கூடத் தவறலீங்களே. ரெண்டு மாசம், வேளை தவறாம ஊத்துனனே."

"தெரியும் நாச்சிமுத்து" என்றார் ராமாத்தாள். அவர் குரலில் கோபம் இல்லை. கோபத்தோடு இருந்த ராமாத்தாளைப் பார்த்து நான் பயந்ததில்லை. அன்றைக்குப் பயந்தேன்.

கொலை முயற்சி என்று கேஸ் போட்டார்கள். கோர்ட்டில் நடந்துகொண்டிருக்கிறது. ஜாமீனில் வந்தவன் ஊருக்குள் வரக்கூடாது என்று உத்தரவு, திருப்பூரில் மாமனார் வீட்டில் இருக்கிறான். பழனியாத்தாள் அவனோடு போகவில்லை. ராமாத்தாளின் தோட்டத்தில் மோட்டார் முறைப்படி ஓடுகிறது. ஃபியூஸ் கட்டை அதன் இடத்திலேயே இருக்கிறது.

ஜீப் போன அன்று ராமாத்தாள் என்னோடு நர்சரிக்கு வந்தார். குழாயடியில் குந்தி, அழுகல் நாற்றம் போகக் கையைக் கழுவினார். கட்டுப் போட்ட கையை நான் பிடித்துக்கொண்டேன். பந்தலுக்குக் கீழே மேட்டுப்பாளையத்திலிருந்து புதிதாக வந்த வெள்ளை ஹைட்ரேஞ்சியா நான்கு நின்றன. ஒன்று எடுத்துப்போகச் சொன்னேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"சூடம் அணைக்கறப்பவே தெரியுமாக்கா?"

"ஆஸ்பத்திரியிலயே தெரியும். தென்னைக்காரன் வட்டப்பாத்தி கட்டாம இருப்பானா."

"சொல்லியிருந்தாப் பொழைச்சிருக்குமேக்கா" என்றேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. நானும் சொல்லாதவள்தானே.

"அது பொழைச்சிருந்தா அவன் இங்கயே இருந்திருப்பான். அடுத்த வெட்டு கையில உழுந்திருக்காது."

சொல்லிவிட்டுக் குழாயை மூடினார். மூடிய கையை எடுக்கவில்லை. தோள் குலுங்க ஆரம்பித்தது. புருஷனை அள்ளி மூடியபோது அழாதவர், கை தொங்கியபோது அழாதவர், எங்கள் நர்சரி மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"தெனமும் வாய் வரைக்கும் வந்துச்சு செல்வி. போதும்டா, நிறுத்துடா, மூச்சு முட்டிச் சாகுதுடான்னு. முழுங்கிப்போட்டு, அது சாகறதைய உக்காந்து பாத்துட்டே இருந்தேன்."